ஏறி இறங்காத ஆறு

வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை அடித்து, ஒரு முறை படித்துப் பார்த்து, மேஜையில் வைத்திருந்தேன். என் கையெழுத்துதான் பாக்கி.

எதிரே நின்றவர் ஆற்றின் முகத்துவாரத்தில் நீர்மட்டம் பார்த்து எழுதுகிறவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'அளவுகோல்'. ஆள் நெட்டை, வளைந்து கொடுக்கிற பழக்கமும் கிடையாது.

ஒன்பது வருடமாகத் தற்காலிகம். நிரந்தரமாக்குகிறவர்களின் பட்டியல் அன்று மாலை போகிறது. அதில் அவர் இருப்பதும் இல்லாததும் என் கையில் இருந்தது.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அவர் வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை தண்ணீரில் நட்டிருக்கிற அளவுக் கம்பத்தைப் பார்க்க வேண்டும். எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு எனக்குப் போனில் சொல்ல வேண்டும்.

எங்கள் கரையில் ஐந்து ஆறுகள் கடலில் சேர்கின்றன. ஐந்தின் எண்களும் என்னிடம் வந்து, என்னிடமிருந்து தலைமை அலுவலகத்துக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் மலையில் அணைகளைத் திறப்பார்கள், மூடுவார்கள்.

கடலோரத்து ஆறு சும்மா இருக்காது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கடல் ஏறினால் ஆறும் ஏறும், கடல் வற்றினால் ஆறும் இறங்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை.

அவருடைய நோட்டில் ஆறு ஏறிக்கொண்டே இருந்தது. மீட்டர் கணக்கில் ஒன்று நாற்பத்திரண்டு, ஒன்று நாற்பத்துமூன்று, ஒன்று நாற்பத்துநான்கு. பதினோரு நாளாக, வேளைக்கு ஒரு சென்டிமீட்டர், சொல்லி வைத்தாற்போல.

ஆள் ஆற்றுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. வீட்டில் காலை நீட்டிக்கொண்டு முந்தின எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் போட்டிருக்கிறார். பொய் எழுதுவதிலும் சோம்பேறித்தனம். எனக்கு எரிச்சலே அதில்தான். நடுவில் நாலு முறை இறக்கிக் காட்டியிருந்தால் நானே கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

முதல் நாளே கவனித்துவிட்டேன். திருந்துவார் என்று பொறுத்தேன். என் பொறுமையை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவர் கொண்டுவந்திருந்த நோட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளி, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றேன்.

அவர் நோட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"முகத்துவாரத்தை மணல் மூடிப் பதினோரு நாளாச்சு மேடம். கடல் உள்ள வர வழியில்ல, ஆறு வெளிய போக வழியில்ல. நம்பரைப் பார்த்தாலே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்னு இருந்துட்டேன்."

அணை அறிக்கையை எடுத்துப் பார்த்தேன்.

மலையில் மூன்று நாளாக மழை. அன்று காலை ஆறு மணிக்குத்தான் அந்த ஆற்றின் அணையில் நான்கு மதகுகளைத் தூக்கியிருந்தார்கள். மாலைக்குள் அவ்வளவு தண்ணீரும் கீழே வந்துவிடும். கரையோரப் பள்ளத்தில் எழுநூறு வீடுகள்.

தலைமை அலுவலகத்தைப் போனில் பிடித்தேன். மதகுகளை இறக்கச் சொன்னேன். மணலை வெட்ட இயந்திரம் அனுப்பச் சொன்னேன்.

எடுத்தவர் நிதானமாகக் கணினியைத் திறந்து பார்த்தார். அந்த ஆறு ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டுதானே இருக்கிறது, பதினோரு நாளும் நீங்கள் அனுப்பியிருக்கிறீர்களே, யார் உங்களைக் குழப்பியது என்று கேட்டார்.

அளவுகோல் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் சொல்வது அவருக்கு நன்றாகவே கேட்கும்.

அவர் சொன்ன எண்களை அழித்துவிட்டு, கடலின் ஏற்ற இறக்க அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தினம் மூன்று வேளையும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆற்றை ஏற்றி இறக்கியது நான்தான் என்று சொன்னேன்.