கோச்சுக்குப் பதில் யார்?

“பிளாஸ்டிக் புல்லாம்யா! மூணு மைதானமாம்! இருட்டினாலும் ஆடலாமாம், அவ்வளவு விளக்காம்! அதையெல்லாம் விட்டுட்டு இந்தக் காத்தடிக்கிற தீவுல கோச் எதுக்குக் கிடக்கணும்?”

“நாம இருக்கோம்ல?”

“அதைத்தான்யா நானும் சொல்றேன். இங்க நாமதான் இருக்கோம்!”

இதைச் சொல்லிவிட்டு எகோன் சிரித்தபடி கேக்கில் குத்தியிருந்த சின்ன சிவப்பு வெள்ளைக் கொடியைப் பிடுங்கி, அடியில் ஒட்டியிருந்த கிரீமை நக்கினார். அவர் அணியின் கோல்கீப்பர். எதிரே உட்கார்ந்திருந்த பிரேபன், இடது பக்க ஆட்டக்காரர். அவருக்கு மட்டும் கேக் இறங்கவில்லை.

ஏரோ தீவின் நடைக் கால்பந்து அணிக்கு அன்று திருநாள். அறுபத்தைந்து தாண்டியவர்கள் ஆடும் ஆட்டம் அது. யாரும் ஓடக் கூடாது. ஓடினால் பந்து எதிரணிக்கு. அன்று மதியம் ஸ்வென்பொர்க்காரர்களை அவர்கள் ஊரிலேயே வீழ்த்திக் கோப்பையோடு ஃபெர்ரியில் திரும்பியிருந்தார்கள். அந்தக் கோப்பையில் இப்போது யாரோ காபி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கிளப் அறையின் ஜன்னலுக்கு வெளியே கடல் கண் கூசும்படி மின்னியது.

இரண்டு வருடத்துக்கு முன்பு இதே அணி எல்லோரிடமும் தோற்றது. தோற்றுவிட்டு, தங்களுக்குள்ளேயே சண்டை போட்டது. கோச் வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. டென்மார்க்கில் பிரதமரைக்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் இந்தக் கிழவர்கள், கோச்சை ‘கோச்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

“முதல் நாள் ஞாபகமிருக்கா?” என்றார் எகோன். “நீ பந்தைப் பார்த்ததும் கன்னுக்குட்டி மாதிரி ஓடின. பத்து நிமிஷம் வெளியில உட்கார வச்சாங்க.”

“உன்னை மட்டும் விட்டாங்களா? ஆட்டத்துக்கு முன்னாடி பியர் குடிச்சேன்னு கோல் வலையையே மடிக்க வச்சாங்களே!”

“என் பொண்டாட்டி முப்பது வருஷமா சொல்லிக் கேட்காதவன். கோச் ஒரு பார்வை பார்த்தாங்க, விட்டுட்டேன்.”

பிரேபன் முதல்முறையாகச் சிரித்தார். அவர் மனைவி இறந்த பிறகு, பயிற்சி இருக்கும் நாட்களில் மட்டும்தான் அவர் முகச்சவரம் செய்துகொண்டார். இது எகோனுக்கும் தெரியும். அணி கலைந்தால் அந்த முகத்தில் தாடிதான் வளரும்.

“பத்து மாசம்தானே? போயிட்டு வந்துடுவாங்கய்யா,” என்றார் எகோன் மெதுவாக.

“நாற்பது வருஷம் அந்த ஃபெர்ரியை ஓட்டினவன் நான். இங்கிருந்து கடல் தாண்டி, கோச் போற அந்த யூட்லாந்து பக்கம் போனவங்களை நிறையப் பார்த்திருக்கேன். வந்தவங்களைத்தான் பார்க்கல.”

“சரி, பதிலுக்கு ஒரு ஆளைப் பிடிப்போம். யோர்கன்?”

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். யோர்கன் ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்று வெற்றிப் பாட்டு பாடிக்கொண்டிருந்தார். காற்சட்டையை முன்பின் மாற்றிப் போட்டிருந்தார்.

“வேண்டாம்,” என்றார் எகோன்.

“அவன் வந்தா முதல்ல ஓடறது நானாத்தான் இருப்பேன். மைதானத்தை விட்டு!” பிரேபன் சட்டென்று எழுந்தார். “கோச் எங்கே?”

“எப்பவும் போல ஒரு துண்டு கேக், எல்லாருக்கும் ஒரு கைகுலுக்கல், நேரா வீடு. ஜெயிச்ச அன்னிக்கும் அதே கட்டுப்பாடு.”

“வா, வீட்டுக்கே போவோம். அந்த வீட்டுல திரீனே வச்சதுதான் சட்டம். அவ மனசு வச்சா யூட்லாந்தாவது ஒண்ணாவது.”

மிச்சக் கேக்கைத் தட்டோடு தூக்கிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். மணி எட்டாகியும் வெயில் கூரைகளை விட்டு இறங்கவில்லை. வழியெல்லாம் ஜன்னல்கள் திறந்தன. “ஜெயிச்சுட்டீங்களாமே!” என்று ஒரு குரல். “கோச் போறாங்களாமே?” என்று அடுத்த வீட்டிலிருந்து இன்னொன்று. பிரேபன் முதல் ஆளுக்குக் கையசைத்தார். இரண்டாவது கேள்வி காதில் விழாத மாதிரி நடந்தார். எதிர்க்காற்றில் கொடிகள் படபடத்தன. எகோன் கேக்குக்குக் குறுக்கே தன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

திரீனே மாவு படிந்த கையோடு கதவைத் திறந்தாள்.

“வாங்க, சாம்பியன்களே! கோச் குளிச்சிட்டு இருக்காங்க. என்ன, ரெண்டு பேர் முகமும் தோத்துப் போன மாதிரி இருக்கு?”

எகோன் கேக்கை நீட்டினார். பிரேபன் தொண்டையைச் செருமினார். வழிநெடுக யோசித்து வைத்திருந்தது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

“திரீனே, இது உங்க வீட்டு விஷயம்தான். இருந்தாலும் கேட்கிறேன். யூட்லாந்தை ஒரு வருஷம் தள்ளிப் போடக் கூடாதா? நாங்க இப்பதான் நல்லா நடக்கக் கத்துக்கிட்டிருக்கோம்.”

திரீனே வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் அவர் கண்ணைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“என் பொண்ணுக்குப் பதினஞ்சு வயசு, பிரேபன். ஒன்பதாவது முடிச்ச பிள்ளைங்கல்லாம் ஒரு வருஷம் அங்க விடுதியில தங்கிப் படிக்கப் போகுதுங்க. அவளை மட்டும் உங்களுக்காக இங்கயே கட்டிப் போடவா?”

பிரேபன் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். பின்முற்றத்தில் அவளுடைய பத்து வயது மகன் விகோ, சுவரில் பட்டு நேராகத் திரும்பி வராத பந்தை விரல் நீட்டித் திட்டிக்கொண்டிருந்தான்.

“அப்போ, கோச்சோட தம்பியையாவது எங்களுக்குத் தருவியா, திரீனே?”