பழைய துப்பாக்கியும் உப்புத்தாளும்

"சீக்கிரம் தேய்டா! பழைய ஆயுதம் சேர்க்கிறவர் வந்துடுவார்!" என்று கடை மேசையில் கிடந்த ராணுவத் துப்பாக்கி கத்தியது. இன்றும் விலைபோகாவிட்டால் நாளைக்கு அதை உருக்கிவிடுவார்கள்.

பக்கத்தில் இருந்த உப்புத்தாள் அசையவில்லை. "எதைத் தேய்க்கணும்?"

"என் மரக்கட்டையை! கீறல், கறை, அந்த அசிங்கமான எண், எல்லாம் போகணும். புதுசு மாதிரி ஆகணும்."

"அண்ணே, போன வாரம் உங்க தம்பியை அப்படித்தான் தேய்ச்சேன். மாப்பிள்ளை மாதிரி மின்னினார். இதே ஆயுதம் சேர்க்கிற ஆள் வந்து, இரும்பில் இருந்த எண்ணைப் பார்த்துட்டு, கட்டையில் அதே எண்ணைத் தேடினார். காணோம். 'வேற கட்டையை மாட்டியிருக்காங்க'ன்னு வெச்சுட்டுப் போயிட்டார். தம்பி உலைக்குப் போயாச்சு."

"அவனுக்கு முகராசி இல்லை. தேய்க்கிறதுதானே உன் வேலை? தேய்!"

இதற்கு மேல் அதோடு என்ன பேசுவது? "சரி, கண்ணை மூடிக்கோங்க" என்றது உப்புத்தாள். சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. துப்பாக்கிக்குக் கூசக்கூட இல்லை. "கெட்டிக்காரன்டா நீ!" என்று மெச்சிக்கொண்டது.

அவர் வந்தார். இரும்பில் இருந்த எண்ணைப் படித்தார். கட்டையிலும் அதையே படித்தார். சிரித்தபடி விலையைப் பேசி முடித்து, துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பினார்.

"பார்த்தியா? பளபளப்புக்குத்தான்டா மதிப்பு!" என்று போகிற போக்கில் துப்பாக்கி கூவியது.

தேய்க்கச் சொன்ன கட்டையை உப்புத்தாள் தொடவே இல்லை. மேசை விளிம்புதான் வழவழவென்று இருந்தது.