கண்மணியும் கண்டக்டர் விசிலும்

ரெக்கார்டிங்கில் விசில் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"கேட்டியா?" என்றாள் பவித்ரா. "பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா விசில். அப்புறம் யாரோ, 'எறங்கு எறங்கு, அடுத்த ஆள் வா'ங்கிறாங்க."

பிராங்கிளின் ஹெட்போனைக் கழற்றிவிட்டு முழித்தான்.

இருவரும் திண்டுக்கல்லில் கடைசி வருஷ இன்ஜினியரிங். வயதானவர்களின் தனிமையைப் போக்க இவர்கள் குழு செய்த பேசும் ரோபோவுக்குப் பெயர் கண்மணி. இடுப்பு உயரம், எந்நேரமும் சிரித்த முகம். ஊர் ஓரத்து முதியோர் இல்லத்தில் அதை விட்டு இன்றோடு பத்து நாள். காலையில் போய்ச் சார்ஜ் போட்டு, முந்தின நாள் ரெக்கார்டிங்கை எடுத்து வருவது பிராங்கிளின் வேலை. பத்துப் பேர் தினமும் பதினைந்து நிமிஷம் அதனுடன் பேச வேண்டும். கடைசி நாள் அவர்களைக் கேட்டு இவர்கள் ஃபாரம் நிரப்ப வேண்டும். அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் பாஸ்.

முதல் இரண்டு நாள் கண்மணியை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து பத்துப் பேரும் ஆஜர். எல்லோரும் ஒரே வசனம்தான்: "ரொம்ப சந்தோஷமா இருக்கேன்."

"பிரியாணி வாங்கிக் குடுத்துப் பேச வச்சியா?"

"மாதா மேல சத்தியமா இல்ல பவி."

சத்தியத்தை அவள் நம்பவில்லை. அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியை இல்லத்துக்கு விட்டாள்.

கூடத்தில் கண்மணிக்கு எதிரே ஒரு நாற்காலி. பக்கத்தில் விசிலும் கையுமாக மரியராஜ் தாத்தா. கொடைரோடு பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். மற்றவர்கள் பெஞ்சில் வரிசையாகக் காத்திருந்தார்கள். நாற்காலியில் காதர் பீவி.

"சாப்பிட்டீங்களா?" என்றது கண்மணி.

"சாப்ட்டேன். நீ சாப்ட்டியா?"

"நான் ரோபோ. எனக்கு உணவு தேவையில்லை."

"நேத்தும் இதத்தான் சொன்ன. வந்ததுலருந்து பட்டினி கெடக்கிறவகிட்ட நான் என்னத்தப் பேச?"

"வம்பு வேணாம். சந்தோஷம்னு சொல்லிட்டு எறங்கு," என்று விசில் ஊதினார் மரியராஜ். திரும்பினால், வாசலில் பவித்ரா.

"என்ன தாத்தா இது? இவன்தான் சொல்லிக் குடுத்தானா?"

"ஏ தாயி, அவனுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டாம் நாள் வாசல் கேட் பக்கம் நின்னு அவங்கம்மாகிட்ட போன்ல அழுதான். 'யாருமே பேச மாட்டேங்கிறாங்க, பெயிலுதான்'னு. எனக்கு மனசு கேக்கல. ரூம் ரூமாப் போயித் தட்டி, அம்புட்டுப் பேரையும் கூட்டியாந்துட்டேன்."

பிராங்கிளின் காதெல்லாம் சிவந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பவித்ராவுக்குக் கோபம் போய்விட்டது. "தனிமை குறைஞ்சுதுன்னு இனி எப்படித் தாத்தா எழுதுறது? அது பொய்யில்ல? நடந்ததை எழுதிடுறோம். பெயிலானா ஆகட்டும்."

"எது பொய்யி?"

பெஞ்சின் கோடியிலிருந்து அன்னாள் அம்மா. இல்லத்துக்கு வந்து ஆறு மாசம். சாப்பாட்டைக்கூட ரூமுக்கே கொண்டுவரச் சொன்னவர்.

"காதர் பீவி எனக்குப் பக்கத்து ரூமுதான். ஆறு மாசமா பேரு தெரியாது. இந்தப் பெஞ்சில முறைக்கு ஒக்காந்திருக்கயிலதான் பழக்கம். அந்தப் பொம்ம முன்னாடி ஒக்கார்றது பதினஞ்சு நிமிஷம். நாங்க இங்க பேசிச் சிரிக்கிறது ரெண்டு மணி நேரம். நேத்து மூணு மணிக்கே எடம் பிடிக்க வந்துட்டேன்."

"எனக்கும் சேத்துப் பிடிச்சு வச்சா," என்றார் காதர் பீவி.

 பவித்ரா பையிலிருந்து அன்னாள் அம்மாவின் ஃபாரத்தை எடுத்தாள்.

'தனிமை குறைந்ததா?'

'ஆம்' என்று எழுதினாள்.

அடுத்த வரியில் 'காரணம்: கண்மணி' என்று பத்து ஃபாரத்திலும் இவர்களே முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார்கள்.

'கண்மணி'யை அடித்தாள். மேலே எழுதினாள்: 'பிராங்கிளின் அழுதது.'