சூடு காட்டாத பறை

ஒரு பல்கலைக்கழகத்தின் இன இசையியல் துறையில் புதிதாக ஒரு காட்சி அறை திறந்தார்கள். சுவரில் பறையை மாட்டி, கீழே ஒரு ஸ்பீக்கரை வைத்தார்கள். பொத்தானை அமுக்கினால் ஸ்பீக்கரிலிருந்து பறையின் ஒலி வரும்.

அந்த ஒலியைப் பதிவு செய்த அன்று, பறையை யாரும் நெருப்பில் காய்ச்சித் தோலை இறுக்கவில்லை. கட்டடத்துக்குள் தீ மூட்ட அனுமதி இல்லை. ஏசிக் குளிரில் தொய்ந்து கிடந்த தோலை அப்படியே அடித்துப் பதிந்துகொண்டார்கள்.

வருகிறவர்கள் பொத்தானை அமுக்குவார்கள். "தொப், தொப்" என்று கேட்கும்.

"பறைன்னா இவ்வளவுதானா?" என்று சொல்லிவிட்டு, பக்கத்து அறை யாழோடு படம் எடுத்துக்கொள்ளப் போய்விடுவார்கள்.

"அது என் குரல் இல்லை" என்றது பறை.

"உன்னிடமிருந்து எடுத்ததுதானே? தினமும் உனக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறேன். ஒரு நன்றி உண்டா?" என்றது ஸ்பீக்கர்.



கோடை விடுமுறை வந்தது. ஏசியை அணைத்துவிட்டு எல்லாரும் ஊருக்குப் போனார்கள். ஜன்னல் வழியே மே மாத வெயில் நேராகப் பறைமேல் விழுந்தது. தோல் மெல்ல இறுகியது. பக்கத்தில் தொங்கிய பறைக்குச்சியின்மேல் ஒரு பல்லி ஓட, குச்சி ஆடிப் பறையில் மோதியது.

"டண்!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பறை ஆசையோடு ஸ்பீக்கரைப் பார்த்தது.

ஸ்பீக்கர் நடுங்கிப்போய்க் கிசுகிசுத்தது: "பறையே, கேட்டாயா? யாரோ புது ஆள் உள்ளே வந்திருக்கிறார்."