ஒரே ஒரு படம்

அந்த ஏரியில் ஞாயிறுதோறும் மீன்பிடிப் போட்டி. பிடித்த மீனை, அளவுப் பலகையின் முனைத் தடுப்பில் வாய் முட்டக் கிடத்திப் படம் எடுத்துவிட்டு, உயிரோடு தண்ணீரில் விட்டுவிட வேண்டும். நீளமான மீனுக்குப் பரிசு.

கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் தனியாக வந்த தயாநிதியின் தூண்டிலில், வால் கிழிந்த அதே மீன் மூன்றாவது ஞாயிறும் மாட்டியது.

“வாயை மூடு, ஆடாதே. ஒரே ஒரு படம், விட்டுடறேன்” என்று, பலகையில் கிடத்திய மீனுக்கு நேரே போனை நீட்டினான்.

பலகை மீனிடம் கிசுகிசுத்தது. “முதல் வாரம் பதினெட்டு அங்குலம் இருந்தாய். போன வாரம் பதினேழு. இன்று பதினாறு. என் கோடுகள் நகரவில்லையே!”

“ஒவ்வொரு படத்திலும் ஓர் அங்குலம் தங்கிவிடுகிறது. ஏரியிடம் சொன்னேன்.”

“ஏரி என்ன சொன்னது?”

“அளவெடுக்கத் தானும் கற்றுக்கொண்டதாகச் சொன்னது.”

அளவைப் பார்த்த தயாநிதி எரிச்சலோடு மீனைத் தண்ணீரில் வீசினான். பிறகு அலுப்பில் கயாக்கிலேயே மல்லாந்து படுத்தான். தலை போய்ப் படகின் முனைத் தடுப்பில் முட்டியது.

அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“வாயை மூடு, ஆடாதே. ஒரே ஒரு படம், விட்டுடறேன்.”

வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே, தண்ணீருக்குள் பளீரென்று ஒரு மின்னல் வெட்டியது.

தயாநிதி பதறிக் கரை சேர்ந்தான். இறங்கி நடந்தபோது, காலையில் சரியாக இருந்த அவனுடைய பேன்ட் மண்ணில் இழுபட்டது.