நீலப் பூச்சு

ஊரடங்கிய பிறகு வாசலில் கறட் கறட்டென்று வினோதமான சத்தம் கேட்டது. வெறுமனே சாத்தியிருந்த கதவின் தாழ்ப்பாள் விழித்துக்கொண்டது. "யாரது? எலியா?"

"எலியில்லக்கா, நம்ம எமில்டாதான்," என்றது வாசலில் நின்ற பழைய பிக்கப் வண்டி. "பிள்ளை தூங்கின பிறகுதானே அவளுக்குக் கை ஒழியுது. உப்புத்தாள் போட்டு என் துருவைத் தேய்க்கிறா. அவ புருஷன் அமலதாஸ் அடிச்ச நீலமெல்லாம் உதிருதே!"

மீன் பெட்டிகளிலிருந்து வடிந்த தண்ணீர் வண்டியின் தளத்தை அரித்திருந்தது. அமலதாஸ் துருவைச் சுரண்டவே மாட்டான். கோயில் திருநாளுக்குத் திருநாள் அதன் மேலேயே நீலம் பூசி, "புது மாப்பிள்ளை!" என்று தட்டிக் கொடுப்பான். அந்தத் தட்டலுக்காக வண்டி இன்னும் ஏங்கியது. அவன் சொல்லாமல் கொள்ளாமல் போய் இரண்டு வருஷம். திரும்பி வந்தால் வெளியே நிற்கக் கூடாதே என்று எமில்டா அன்றிலிருந்து தாழ் போடுவதில்லை. பிள்ளையை அணைத்தபடி பயந்து பயந்துதான் தூங்குவாள்.

"இதுவும் போனா அவன் கை பட்ட இடம் என்கிட்ட ஏதுக்கா?"

"உனக்காவது பூச்சு இருக்கு. நான் நகர்ந்தே ரெண்டு வருஷம்," என்றது தாழ்ப்பாள்.

நீலம் உதிர்ந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை தெரிந்தது. எமில்டா அதற்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "இவ்வளவையும் மூடியா வச்சிருந்தீங்க? காலைல தகரம் வச்சுத்தான் அடைக்கணும்," என்று முணுமுணுத்தாள்.

மிச்ச உப்புத்தாளோடு வீட்டுக்குள் போனாள். இப்போது கதவுக்குப் பின்னால் கறட் கறட்டென்று கேட்டது.

"அக்கா, உன்னையுமா?"

தாழ்ப்பாள் ஒருமுறை முனகிவிட்டு, மெல்ல நகர்ந்து தன் குழிக்குள் போய் விழுந்தது.