முதல் சொல்லில் நின்ற சூசின் அக்கா

மூன்று முறை கோட்டை விட்டவர் நான்காவது முறையும் விண்ணப்பம் போட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

எங்கள் வார்டு நர்ஸ் சூசின் அக்காவைத்தான் சொல்கிறேன். வயது நாற்பத்து மூன்று. அவர் ஊசி போட்டால் கைக்குழந்தைகூட அழாது. ஆனால் பதவி உயர்வு வேண்டுமென்றால் ஆங்கிலப் பரீட்சையில் தேற வேண்டும், அதில்தான் வருஷா வருஷம் சறுக்கல். இருப்பது ஒரே ஒரு இடம், மூப்புப்படி முதல் உரிமை அவருக்கு. இந்த முறையும் அவர் தேறாவிட்டால் அது எனக்கு.

நான் போன வருஷம் முதல் முயற்சியிலேயே தேறியவள். அந்தப் பரீட்சைக்கு அகராதியை உள்ளே கொண்டுபோகலாம், ஆனால் பக்கத்தில் இருப்பவரிடம் இரவல் வாங்கக் கூடாது. நான் அகராதியை வீட்டில் மறந்துவிட்டு வாசலில் நின்று அழுதேன். அங்கே பேனா விற்கிறவர் எங்கிருந்தோ ஒரு பழைய அகராதியைக் கொண்டுவந்து கையில் திணித்தார். எல்லாம் என் ராசி என்று ஒரு வருஷமாகப் பீற்றிக்கொண்டிருந்தேன்.

எங்கள் நாட்டில் ஆங்கிலச் சொற்புத்தகம் எதை வாங்கினாலும் பெரும்பாலும் முதல் சொல் 'அபேண்டன்'. கைவிடுதல் என்று அர்த்தம். வீராவேசமாகப் புத்தகம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அந்தச் சொல்லைப் படித்த கையோடு படிப்பையும் கைவிட்டுவிடுவார்கள். எங்கள் பெங்பூ நகரத்தில் காய்கறி விற்பவருக்குக்கூட இந்த ஒரு சொல் தெரியும்.

சூசின் அக்கா சலைன் பாட்டிலை மாட்டும்போதுகூட உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தபடியே இருப்பார். பார்த்தாலே எனக்கு வாய் அரிக்கும்.

"என்னக்கா, முதல் சொல்லைத் தாண்டியாச்சா?" என்று ஒருநாள் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

"அந்தச் சொல்லே லேசுப்பட்டது இல்ல, ருவான். முழுகுற கப்பலைக் கைவிடுறது, பாதி போட்ட திட்டத்தைக் கைவிடுறது, பெத்த புள்ளையைக் கைவிடுறது, எல்லாத்துக்கும் அதே சொல்தான். ஒருத்தர் தன்னை மறந்து ஆடினாக்கூட அதை வச்சே சொல்லலாம்" என்றார்.

"ஆடுறதா? நல்லா உருட்டுறீங்கக்கா."

வார்டே சிரித்தது. பிறகு நான் தனியாகப் போய் அகராதியைப் பார்த்தேன். அவர் சொன்ன அர்த்தம் அப்படியே இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பரீட்சை மார்ச் மாதக் கடைசியில். அக்காவுக்குத் துணையாகப் போகச் சொல்லி என்னை அனுப்பினார் தலைமை நர்ஸ் தாங். இருவரும் பஸ்ஸில் போய் இறங்கினோம். வாசலில் நின்றவர்கள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஓரமாக ஒரு இளம் டாக்டர் பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடிக்கொண்டிருந்தாள். அகராதி இல்லை. கண்ணில் தண்ணீர்.

சூசின் அக்கா நேராகப் போய்த் தன் அகராதியை அவளிடம் கொடுத்துவிட்டார். என்னிடம் இன்னொன்று இருக்கிறது என்று கூசாமல் பொய்யும் சொன்னார். அவள் கும்பிடாத குறையாக உள்ளே ஓடினாள்.

நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அது இல்லாம என்னத்தை எழுதுவீங்க?"

"வருஷா வருஷம் இந்த வாசல்ல ஒருத்தர் அழுதுகிட்டு நிக்கிறாங்க. என்னால பாத்துட்டுப் போக முடியல. மூணு வருஷமும் குடுத்துட்டு உள்ள போய் முழிச்சேன். இந்தத் தடவையும் யாராச்சும் நிப்பாங்கன்னு தெரியும். அதான் முழுப் புத்தகத்தையும் மனப்பாடம் பண்ணிட்டேன்."

சொல்லிவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனார். அவர் தேற வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன் என்றால் அது பொய். அந்த ஒரு இடம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. தலைமை நர்ஸ் போனில் கேட்ட மதிப்பெண்ணை நம்பாமல் மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார்.

எண்பத்து நான்கு. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே முதல். அகராதியைக் கிழியக் கிழியப் புரட்டி நான் வாங்கியது அறுபத்தொன்று.

நோயாளிகள் கைதட்டினார்கள். ஒரு கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தவர் இன்னொரு கையால் கட்டிலைத் தட்டினார். தலைமை நர்ஸ் தன் செலவில் எல்லாருக்கும் இறைச்சிக் கொழுக்கட்டை வரவழைத்தார். சூசின் அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. என்னையும் அறியாமல் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாசலில் அவர் சொன்ன ஒன்று என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

"அக்கா, மூணு வருஷமும் குடுத்தேன்னு சொன்னீங்களே. போன வருஷம் யாருக்குக் குடுத்தீங்க?"

அவர் கொழுக்கட்டையைக் காடியில் தோய்த்து என் தட்டில் வைத்தார்.

"அன்னிக்குக் காலையில நாம சேர்ந்து வந்த பஸ்லயும், முதல் சொல்லைத் தாண்டியாச்சான்னு என்னைக் கிண்டல் பண்ணியிருந்தே. நான் நேரா நீட்டினா நீ வாங்கியிருப்பியா, ருவான்? அதான் பேனாக்காரர் கையில குடுத்து அனுப்பினேன்."